மூன்றாவது மாடிக் கதவு

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை அமர்க்களம். எங்கள் அடுக்குமாடியில் கார், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள் என்று எதையும் விடவில்லை. சங்கத் தலைவர் வரதராஜுலு அண்ணன் ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு லிஃப்ட் கதவின் பூட்டிலும் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டு வந்தார். பொட்டு வைக்கச் சொன்னால் பூசி மெழுகுகிற மனுஷர். கையும் தாராளம், வாயும் தாராளம்.

பூஜை முடிந்து பார்த்தால் லிஃப்ட் நகரவில்லை. "தயவுசெய்து கதவைச் சாத்தவும்" என்று அந்தப் பதிவுக் குரல் பெண் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். வழக்கம் போல எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கத்தினோம். "மூணாவது மாடி! கதவு!" எங்களுடையது பழைய லிஃப்ட். வெளிக்கதவையும் உள்ளே இருக்கிற கம்பிக் கதவையும் நாமேதான் சாத்த வேண்டும். எந்த மாடியில் யார் சாத்தாமல் போனாலும் லிஃப்ட் அடம் பிடித்து நின்றுவிடும். நேற்று எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்தன. கம்பெனிக்குப் போன் போட்டால் லீவு. கடைசியில் நம்ம எலக்ட்ரீஷியன் தனபால் மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப் போய்க் கொஞ்ச நேரத்தில் ஓட வைத்துவிட்டான். "சின்ன ஜாயிண்ட்டு வேலைதானுங்க்கா" என்றான். ஆள் என்றால் இவனல்லவா ஆள்! சங்கச் செயலாளர் என்ற முறையில் நானே பொரியும் சுண்டலும் கட்டிக் கொடுத்தேன்.

இன்று காலை இவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்தாயிற்று. செவ்வாய், வியாழன், சனி. வாரம் மூன்று தடவை ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கி ஏற வேண்டும். லிஃப்ட் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன ஆவது? வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உப்பில்லாத உப்புமாவைப் பாதி சாப்பிட்டார். அடுத்து எப்போது போக வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சட்டையை எடுத்து வைத்தால் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

லிஃப்ட்டில் அந்தப் பெண்ணின் புலம்பல் இப்போது கேட்பதே இல்லை. காதுக்கு நிம்மதி.

அக்டோபர் 15, செவ்வாய்

டயாலிசிஸ். பட்டனை அமுக்கினால் லிஃப்ட் ஓடி வருகிறது, ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. பேசாமல் தனபாலையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று வரதராஜுலு அண்ணனிடம் கேட்டேன். "நானும் அதத்தானுங்கம்மிணி நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இவருக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அந்த மனிதர் ஏன் வரவில்லை என்று நர்ஸிடம் கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கேட்கவில்லை. வரும் வழியில் பிஞ்சுச் சுரைக்காய் கிடைத்தது.

அக்டோபர் 16, புதன்

 எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மூன்றாவது மாடியில் வரதராஜுலு அண்ணன் வீட்டில் பூஜைத் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். காஸ் சிலிண்டர் போடுகிற மாசிலாமணி அந்த மாடிக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்கு வர வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடி லிஃப்ட்டுக்குப் போனான். சிலிண்டர்காரர்கள் எப்போதும் போகிற மாதிரிதான் போனான். கதவைத் திறந்து, முதுகை உள்ளே கொடுத்து, சிலிண்டரைத் தன் பக்கம் இழுத்தபடி பின்னாலேயே கால் வைத்தான்.

உள்ளே லிஃப்ட் இல்லை.

ஒரு கால் சரேலென்று கீழே போனது. விளிம்பில் இடுப்பு மோதி விழுந்தான். நிறைந்த சிலிண்டராக இருந்ததால் அது அசையாமல் நின்றது. அதன் வளையத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. அவனுடைய செருப்பு ஒன்று கழன்று கீழே போய் விழுந்த சத்தம் கேட்டது.

"அக்கா, கீழ தரையே இல்லீங்க்கா. தரையே இல்லீங்க்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தால் டம்ளர் பல்லில் தட்டுகிறது.

அவன் சிலிண்டரை இறக்கிப் போட்டு வருவதற்குள் மேலே யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள், லிஃப்ட் போய்விட்டது. கதவு சரியாகச் சாத்தாமல் ஒட்டினாற்போல்தான் இருந்ததாம். அப்படியானால் லிஃப்ட் எப்படி நகர்ந்தது? கதவு திறந்திருந்தால் நகராது என்றுதானே இத்தனை வருஷமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்? அந்தப் பெண்ணின் குரல் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியில் ஓடி இறங்கி மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"என்ன புள்ள சத்தம்?" என்று கேட்டார் இவர். லிஃப்ட்டை நிறுத்திவிட்டேன் என்றேன். "அப்ப நாளைக்கு?" என்றார். பார்த்துக்கலாம் என்றேன். அவர் முகத்தில் கவலையே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

கம்பெனி மெக்கானிக் சகாயராஜ் காலையிலேயே வந்தார். என்னையும் வரதராஜுலு அண்ணனையும் மெஷின் ரூமுக்குக் கூப்பிட்டார். பெட்டிக்குள் ஒரு துண்டு சிவப்பு ஒயரைக் காட்டினார். தனபால் சொன்ன சின்ன ஜாயிண்ட்டு அதுதான்.

"ஒவ்வொரு மாடிக் கதவுப் பூட்டுலயும் ஒரு சுவிட்ச் இருக்கு மேடம். எல்லாம் ஒரே லைன்ல, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு. எல்லாக் கதவும் சாத்தியாச்சுன்னு லைன் முழுசா வந்தாத்தான் மோட்டாருக்குக் கரண்ட்டு போகும். ஒரு கதவு சொல்லலேன்னாலும் போகாது. உங்க எலக்ட்ரீஷியன் இந்த ஒயரப் போட்டு மொத்த லைனையும் தாண்டிட்டாரு."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலை நரைத்தவளுக்கு லைன் என்றால் புரியாதா? "அப்படின்னா மூணாவது மாடி மட்டுமில்லையா?" என்றேன்.

"எந்த மாடிக் கதவத் தொறந்து வெச்சாலும் லிஃப்ட் பாட்டுக்குப் போகும்."

 எத்தனை குழந்தைகள் இருக்கிற கட்டடம் இது. அந்தப் பாவிக்குப் பொரி சுண்டல் வேறு கொடுத்தேன்!

வரதராஜுலு அண்ணன் கயிறு அறுந்துவிடுமா என்று கேட்டார். எல்லோருக்கும் அந்தப் பயம்தான். சகாயராஜ் சிரித்தார். "கயிறு ஒண்ணு இல்ல சார், நாலு இருக்கு. ஒண்ணே தாங்கும். அதையும் மீறி வேகமா எறங்குச்சுன்னா லிஃப்ட்டுக்கு அடியில இருக்கற பிடி, ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். கரண்ட்டு போனா பிரேக்கு தானாப் புடிச்சுக்கும், விடறதுக்குத்தான் கரண்ட்டு வேணும். கயித்துக்குப் பயப்படாதீங்க. ஆளக் கொல்றது கதவுதான்."

பிறகு மூன்றாவது மாடிப் பூட்டைக் கழற்றினார். சுவிட்சின் இரண்டு முனைக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து கட்டி தட்டியிருந்தது. "இப்படிப் பூசினா எங்கிருந்து சார் கரண்ட்டு போகும்?" என்று சுரண்டிக் காட்டினார். வரதராஜுலு அண்ணன் கூரையைப் பார்த்தார்.

அதோடு விட்டதா? பூட்டின் கொக்கியும் தேய்ந்து மழுங்கியிருந்தது. லிஃப்ட் இல்லாதபோது கதவைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கொக்கிதான். லிஃப்ட் வந்து நிற்பதற்கு முன்பே கதவைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுக்கிற பழக்கம் மூன்றாவது மாடியில் யாருக்கு என்று ஊருக்கே தெரியும். வரதராஜுலு அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன்.

"அப்ப அன்னிக்கு லிஃப்ட் கெட்டுப் போகலீங்களா?" என்றேன்.

"இல்ல மேடம், சரியாத்தான் இருந்துச்சு. சாத்தியிருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியல, நின்னுருச்சு. சந்தேகம்னா நின்னுரணும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கோம்."

பூட்டை மாற்ற வேண்டும். பழைய மாடல், தீபாவளி நேரம், வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை ஓட்டக் கூடாது என்று மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இவர் டயாலிசிஸுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். "படி எறங்க முடியாது புள்ள. ஒரு நாள் போகாட்டி என்ன, குடியா முழுகிப் போகும்?" கெஞ்சினேன், திட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அமுக்கினால் குழி விழுகிறது. தலைக்கு மூன்று தலையணை வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் அளந்து கொடுக்கிற டம்ளரைப் பாதியாக்கினேன்.

சாயங்காலம் வரதராஜுலு அண்ணன் வந்தார். "அம்மிணி, அந்த ஒயரத் திரும்பப் போட்டுட்டு, மூணாவது மாடில ஒரு ஆள நிக்க வெச்சுக்கலாமுங். உங்க வீட்டுக்காரருக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

"எங்க வீட்டுக்காரருக்காக யாரும் குழில விழ வேண்டாமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

அக்டோபர் 19, சனி

பொழுது விடிந்ததும் காலிங் பெல். மாசிலாமணியும் இன்னொரு சிலிண்டர்காரரும் நிற்கிறார்கள். எங்கள் நிலைமையை வாட்ச்மேன் சொன்னானாம். மாசிலாமணியின் ஒரு காலில் பழைய செருப்பு, இன்னொரு காலில் வேறு எதுவோ ஒன்று.

"அக்கா, அய்யாவ ஒரு சேர்ல உக்கார வெய்யிங். நாங்க தூக்கிக்கறமுங்."

இவருக்கு வந்ததே கோபம். "என்னப் பாடைல தூக்கற மாதிரி தூக்கறீங்களா? நான் வல்ல!" மூச்சு இரைத்து வார்த்தை அறுந்து அறுந்து வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மில்லில் முன்னூறு பேரை மேய்த்த ஆள், ஒரு நாற்காலிக்கு இந்தப் பாடா? "இப்ப உக்காரலேன்னா நானே தூக்குவேன், ரெண்டு பேரும் ஒட்டுக்கா உருண்டுட்டுப் போலாம், பரவால்லீங்களா?" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

"சிலிண்டருக்கு அய்யா லேசுதானுங்" என்று மாசிலாமணி சொன்னதும் இவருக்கே உதடு கொஞ்சம் துடித்தது. சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் கத்தினார். இன்னொரு நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் என்றேன். சாயங்காலம் மறுபடி இருவரும் வந்து மேலே தூக்கிக் கொண்டுவந்து விட்டார்கள். காபி கொடுத்தேன். வேறு எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து எனக்கு அர்ச்சனை. தீபாவளிக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வருகிறார்களாம், பலகாரச் சட்டியை யார் தூக்குவது, செயலாளருக்கு அகம்பாவம். படித்துவிட்டு அரிசி களைந்தேன். சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். தூங்கும்போது குத்துகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று இறங்கும்போது நடந்தே வருகிறேன் என்றார். மாசிலாமணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, கொஞ்சம் கீழே போய் நின்றுகொண்டான். நல்ல பிள்ளை.

நான்காவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தபோது இவராகவே பேசினார்.

"ஏம்புள்ள, லிஃப்ட்ட நிறுத்திட்டேன்னு நீ வந்து சொன்னப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?"

"ஏனுங்க?"

"இனி போக வேண்டியதில்லைன்னு நெனச்சேன். நானா வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்ல. உன் மொகத்தப் பாத்துட்டு அதச் சொல்ல முடியல. லிஃப்டே சொல்லிருச்சு."

மாடிச் சுவரில் வெள்ளையடித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்றேன். ஆமாம் என்றார். அடுத்த திருப்பத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், படி வழுக்குகிறது என்று.

ராத்திரிக்குச் சோறு வடித்து, சுரைக்காய்க் கூட்டு. வேறு விசேஷம் இல்லை. கண்ணில் என்னவோ விழுந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

போய் வந்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில், கல்யாணமான புதிதில் நான் தறிச் சத்தத்தில் மயங்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார். நான் மயங்கவில்லை, வழுக்கித்தான் விழுந்தேன். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

அக்டோபர் 26, சனி

போய் வந்தோம். நாளைக்குச் சங்கக் கூட்டமாம். தனபாலையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு

கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். தனபால் கையில் டெஸ்டரோடு ஓரமாக நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரதராஜுலு அண்ணன் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார். தீபாவளி வரைக்கும் மட்டும் ஒயர் போட்டு ஓட்டுவது, மாடிக்கு ஒரு ஆள் காவல். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம். "நாங்க யாருக்காகக் கேக்கறோம்? பெரியவங்களுக்காகத்தானே? அம்மிணியோட வீட்டுக்காரரே எவ்வளவு சிரமப்படறாரு!"

கைகள் எழும்பின. நான் எண்ணவில்லை, எண்ணினால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. கழுத்தில் கை வைத்துக்கொண்டேன். "சாவி வேணும்னா என் கழுத்துலருந்து அறுத்துட்டுப் போங்க" என்றேன்.

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார். நாற்காலி இல்லை, மாசிலாமணி இல்லை, துணைக்கு ஒருவரும் இல்லை. ஐந்து மாடி! கூட்டம் தொடங்குவதற்கு எவ்வளவு முன்னால் புறப்பட்டிருப்பார்? நான் ஓடிப்போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"வரதராஜு" என்றார். "இந்த லிஃப்ட்டு யாருக்கு அதிகமா வேணும்?"

"உங்களுக்குத்தானுங்க, நாச்சிமுத்தண்ணா."

"எனக்கு வேண்டாம். ஒயர் போட்டு ஓட்டற லிஃப்ட்டு எனக்கு வேண்டாம். என்னச் சாக்கு வெச்சுக் கேக்காதீங்க. வேற யாருக்காவது வேணும்னா அவங்க பேரச் சொல்லிக் கேளுங்க, பாக்கலாம்."

யாரும் பேர் சொல்லவில்லை. முதலில் இறங்கியது வரதராஜுலு அண்ணன் கைதான், அதையும் சொல்லியாக வேண்டும். தனபால் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "அன்னிக்கு எல்லாரும் அவசரப்படுத்துனாங்க, ஓட வெச்சாப் போதும்னு நெனச்சுட்டேனுங்க்கா" என்றான். நானும்தானே அவசரப்படுத்தினேன்? போய்ச் சாப்பிடு என்றேன்.

மேலே ஏற இவருக்கு வெகு நேரம் பிடித்தது. என் தோளை விடவே இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

பூட்டு வந்துவிட்டது! நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சகாயராஜ் வேலையை முடித்திருந்தார். ஒவ்வொரு மாடியாகக் கதவைத் திறந்து வைத்து பட்டனை அமுக்கிப் பார்த்தாராம். எங்கும் அசையவில்லை. "தயவுசெய்து கதவைச் சாத்தவும்" என்று அவள் மறுபடி புலம்ப ஆரம்பித்துவிட்டாள். என் காதுக்கு அது இவ்வளவு இனிக்கும் என்று யார் கண்டது!

குழிக்குள் இறங்கியவர் மாசிலாமணியின் செருப்பையும் எடுத்து வந்திருந்தார். அவன் அதை வாங்கித் தட்டி அங்கேயே காலில் போட்டுக்கொண்டான். நாற்காலி தூக்க வேண்டியதில்லை என்று சொன்னோம். சரி என்றான், ஆனால் போக மனமில்லாமல் நின்றான். இவர் அவன் தோளில் தட்டி, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

நானும் இவரும் லிஃப்ட்டில் ஏறினோம். வெளிக்கதவைச் சாத்தினேன், கம்பிக் கதவை இழுத்தேன், ஐந்தை அமுக்கினேன். இரண்டாவது மாடி தாண்டியதும் மேலே வெடுக் வெடுக்கென்று ஒரு சத்தம். லிஃப்ட் சட்டென்று நின்றுவிட்டது. எதிரில் வெறும் சுவர்.

"ஐயையோ! யாரு உள்ள?" என்று மேலேயிருந்து வரதராஜுலு அண்ணன் குரல். "பழக்கத்துல இழுத்துட்டனுங்! புதுப் பூட்டு தொறக்கலீங்!"

மற்ற நாளாக இருந்தால் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். இன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவை ஆட்டினால் நிற்கிறது. நின்றுவிட்டது, மகராசி! இவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"விடுங்கண்ணா, கைய எடுங்க! மறுபடி அமுக்கிக்கறோம்" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனேன். இவர் என் முழங்கையைத் தொட்டார்.

"ஏம்புள்ள, வியாழக்கெழம தீபாவளியாச்சே. அன்னிக்கு டயாலிசிஸ் உண்டா? இல்ல, நாளைக்கே போயிரலாமா?"

 நாளைக்கே என்று தலையை ஆட்டினேன்.

"அழுவாத புள்ள. மேல போலாம், அமுக்கு" என்றார்.

அமுக்கினேன்.